ஊதச் சொல்வதற்கு முன்: பணியிடத்தில் மது, போதைச் சோதனைகள்

காலை ஐந்து மணி. நாமக்கல் பக்கம் ஒரு லாரி ஷெட். லோடு ஏற்றித் தார்ப்பாய் கட்டிய வண்டி புறப்படத் தயாராக நிற்கிறது. ஓட்டுநர் சாவி வாங்க வருகிறார். மேஜைக்கு இந்தப் பக்கம் வரை வாடை அடிக்கிறது. "ராத்திரி போட்டதுங்க. தூங்கி எந்திரிச்சாச்சு. இப்ப ஒண்ணுமில்லீங்க" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் மனதார நம்புகிறார். மேற்பார்வையாளர் என்ன செய்வார்? லோடு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமே என்று சாவியைக் கொடுத்துவிடுவார். இல்லையென்றால் பத்துப் பேர் முன்னால் கத்தி, "இனி இந்தப் பக்கம் வராதே" என்று விரட்டுவார். தொழிலாளர் பிரச்சினைகளில் ஆலோசனை சொல்லப் போன இடங்களில் இரண்டையும் பார்த்திருக்கிறேன். சாவி கொடுத்தால் உயிர் போகலாம். விரட்டினால் விவகாரம் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகும்; அங்கே நிர்வாகத்தின் கையில் காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது.

வாடை சாட்சி ஆகாதா என்று கேட்பீர்கள். 1971-இல் ஒரு விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பார்த்தது. வாயில் மது நாற்றம், தள்ளாட்டம், பேச்சில் குழறல், விரிந்த கண்மணி ஆகியவற்றை மட்டும் வைத்து ஓட்டுநர் குடித்திருந்தார் என்று தண்டிக்க முடியாது, இரத்தமோ சிறுநீரோ சோதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்றது. அது குற்ற வழக்கு. உரிமையியல் விவகாரங்களில் அளவுகோல் வேறு. டெல்லி இந்தியா கேட் அருகே 2007-இல் நடந்த கார் விபத்தில் ஊதும் சோதனையோ இரத்தச் சோதனையோ நடக்கவில்லை. ஆனாலும் மற்றச் சான்றுகளை வைத்துக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுத்தது சரி என்று 2021-இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறுவனத்தின் உள்விசாரணையிலும் குற்ற வழக்கின் அளவுக்கு நிரூபணம் தேவையில்லை. ஆனால் ஒருவருடைய பிழைப்பைப் பறிக்கும் முடிவை வாடையை நம்பி எடுப்பதில் நியாயமும் இல்லை. சர்க்கரை திடீரென இறங்கியவர் குடித்தவர் போலவே தள்ளாடுவார். தலையில் அடிபட்டவரும், பக்கவாதம் தொடங்கியவரும் குழறுவார்கள். "குடிச்சிட்டான், படுக்கட்டும்" என்று ஓரமாகக் கிடத்தினால் அந்த மனிதர் அங்கேயே இறந்துபோகக்கூடும்.

எனவே சோதனை வேண்டும். எந்தச் சோதனை என்பதுதான் இந்த அத்தியாயம்.

கேள்வி எது?

கருவி வாங்கக் கடைக்குப் போகும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். "இவர் இப்போது வேலை செய்யும் நிலையில் இருக்கிறாரா?" என்பது ஒரு கேள்வி. "கடந்த சில நாள்களில் இவர் போதைப்பொருள் எடுத்தாரா?" என்பது முற்றிலும் வேறு கேள்வி. மூச்சுச் சோதனை முதல் கேள்விக்கு ஏறக்குறைய நேரான பதிலைத் தரும். சிறுநீர்ச் சோதனை இரண்டாவதற்கு மட்டும் பதில் தரும். ஞாயிற்றுக்கிழமை கஞ்சா புகைத்தவரின் சிறுநீர் புதன்கிழமையும் காட்டிக்கொடுக்கலாம். புதன்கிழமை அவர் போதையில் இருக்கிறார் என்று அதற்குப் பொருள் இல்லை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் நடத்தப்படும் சோதனைத் திட்டம் இல்லாமலே இருக்கலாம்.

மூச்சுச் சோதனை

தமிழ்நாட்டில் பெரும்பாலான முதலாளிகளுக்கு முதலில் தேவைப்படுவது இதுதான். நம் பணியிடங்களில் அதிகம் தொல்லை தருவது மது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 185-ஆம் பிரிவு, 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம் என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். மீண்டும் பிடிபட்டால் 2 ஆண்டு வரை சிறை, 15,000 ரூபாய். பல முதலாளிகள் பார்க்கத் தவறும் பிரிவு 188: இந்தக் குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை. தெரிந்தே சாவியைக் கொடுத்தவரும் இதில் சிக்கலாம்.

இப்போது அந்தக் காலை ஐந்து மணி ஓட்டுநரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உடல் ஒரு மணி நேரத்தில் 100 மில்லி இரத்தத்துக்குச் சுமார் 15 மில்லிகிராம் ஆல்கஹாலைக் கழிக்கும். ஆளுக்கு ஆள் கூடலாம், குறையலாம். நள்ளிரவு 12 மணிக்குக் குடித்து முடிக்கும்போது இரத்தத்தில் 150 மில்லிகிராம் இருந்ததென்று வையுங்கள். காலை 5 மணிக்கு 75 இருக்கும். சட்ட வரம்பான 30-க்கு இறங்க 8 மணி ஆகும். முழுதாகக் கழிய 10 மணி. இடையில் தூங்கினாலும், தலைக்குக் குளித்தாலும், மோர் குடித்தாலும், கடுங்காப்பி குடித்தாலும் இந்தக் கணக்கு மாறாது. தெளிவாக இருப்பதுபோல ஓட்டுநருக்குத் தோன்றும், அவ்வளவுதான். இதை ஓட்டுநர்களை உட்காரவைத்துக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். தண்டனையைச் சொல்லி மிரட்டுவதைவிட இந்தக் கணக்கு அதிகம் வேலை செய்கிறது என்பது என் அனுபவம்.

சட்டத்தின் 30 சாலைக்கு. உங்கள் பணியிடத்துக்குப் பூஜ்யம் என்று நீங்களே விதி வைக்கலாம். விமானத் துறையில் அப்படித்தான். பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரத்துக்குள் விமானி மது அருந்தக் கூடாது. புறப்படும் முன் ஊதிக் காட்ட வேண்டும். முதல் முறை தவறினால் 3 மாதம் உரிமம் நிறுத்தம், இரண்டாம் முறை 3 ஆண்டு, மூன்றாம் முறை உரிமமே ரத்து. ரயில் ஓட்டுநர்களும் பணியில் கையெழுத்திடும்போது ஊதுகிறார்கள். பள்ளிப் பேருந்து, கிரேன், கொதிகலன், பட்டாசுக் கிடங்கு, உயரத்தில் ஏறும் கட்டட வேலை ஆகியவற்றுக்கும் பூஜ்யமே பொருத்தம் என்பேன்.

கருவி வாங்கும்போது விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். மலிவான குறைகடத்தி வகைக் கருவிகள் ஆல்கஹால் அல்லாத ஆவிகளுக்கும் எண் காட்டலாம். கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோயாளியின் மூச்சில் அசிட்டோன் இருக்கும், அவரைக் குடிகாரராக்கிவிடும். எரிமக்கலன், அதாவது 'ஃப்யூயல் செல்' உணரி உள்ளதை வாங்குங்கள். அசிட்டோன் அதை ஏமாற்றாது. தேதி, நேரம், அளவு மூன்றையும் அச்சடித்துத் தரும் கருவியாக இருக்கட்டும். தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியில் அளவைத் திருத்தம் செய்து, அந்தச் சான்றிதழைக் கோப்பில் வையுங்கள். விசாரணையில் எதிர்த்தரப்பு கேட்கும் முதல் காகிதம் அதுவாகத்தான் இருக்கும். ஆளுக்கு ஒரு புதிய ஊதுகுழல்.

முதல் ஊதலில் எண் வந்தால் அதோடு முடிவு கட்டக் கூடாது. வாய் கொப்பளிக்கும் திரவம், சில இருமல் மருந்து, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிக் குடித்த அரிஷ்டம் போன்றவை வாயில் ஆல்கஹாலை விட்டுவைக்கும். அரிஷ்டமும் ஆசவமும் புளிக்கவைத்துத் தயாரிப்பவை. ஆல்கஹால் அவற்றில் தானாகவே ஊறும். நான் போன ஒரு நூற்பாலையில் வயிற்று மந்தத்துக்குத் தினமும் அரிஷ்டம் குடிக்கும் பெரியவர் ஒருவரைக் குடிகாரர் என்று எழுதி வைத்திருந்தார்கள். இரண்டாம் முறை ஊதச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. வாயில் தங்கியது 15 நிமிடத்தில் போய்விடும். ஆகவே ஒருவரை அருகில் உட்காரவைத்து, எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல் 15 நிமிடம் காத்திருந்து இரண்டாம் முறை ஊதச் சொல்லுங்கள். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் விதியும் இதுவே. உறுதிச் சோதனையை 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. இரண்டாவது எண்ணைத்தான் பதிவேட்டில் முடிவாக எழுத வேண்டும்.

சிறுநீர்ச் சோதனை

கஞ்சா, அபின் வகை, கோகெய்ன், ஆம்ஃபெட்டமின், தூக்க மாத்திரை ஆகியவற்றுக்கு உலகெங்கும் முதலில் பயன்படுவது இதுதான். மலிவானது. சில நாள்கள் பின்னோக்கிப் பார்க்கும். ஓரிரு முறை கஞ்சா புகைத்தவரிடம் சுமார் மூன்று நாள் தெரியும். நாள்தோறும் புகைப்பவரிடம் ஒரு மாதம் வரைகூடத் தெரியலாம். கோகெய்னும் ஹெராயினும் இரண்டு மூன்று நாளில் மறைந்துவிடும். இதனால் ஒரு விபரீதம் நேர்கிறது: குறைந்த கேடு செய்தவர் நெடுநாள் மாட்டுவார், அதிகக் கேடு செய்தவர் தப்புவார்.

சந்தையில் கிடைக்கும் அட்டையில் கோடு விழுவதைப் பார்ப்பார்கள். கர்ப்பச் சோதனை அட்டையைப் பார்த்துப் பழகியவர்கள் இதில் தலைகீழாகப் படித்துவிடுகிறார்கள். போதைச் சோதனை அட்டையில் சோதனை இடத்தில் கோடு விழுந்தால் பொருள் இல்லை என்று அர்த்தம். கோடு விழாவிட்டால்தான் இருக்கக்கூடும் என்று அர்த்தம். மங்கலான கோடும் கோடுதான். இந்த ஒரு தவறால் குற்றமற்றவர் வேலை இழந்துவிடக் கூடாது.

அட்டை சொல்வது சந்தேகம் மட்டுமே. அது ஒரு வகை மூலக்கூறின் சாயலைப் பிடிக்கும். சாயல் ஒத்த வேறு மருந்தையும் பிடித்துவிடும். ஜிசி-எம்எஸ் அல்லது எல்சி-எம்எஸ் என்று ஆய்வகத்தார் சொல்லும் உறுதிச் சோதனையே பொருளை அடையாளம் காட்டும். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். நம் நாட்டில் அந்த அங்கீகாரத்தைத் தருவது என்ஏபிஎல். முடிவு வரும் வரை அவரை ஆபத்தில்லாத வேலையில் வையுங்கள், அல்லது சம்பளத்தோடு வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். தண்டனை எதுவும் கூடாது.

நம் சமையலறையோடு தொடர்புள்ள ஒரு செய்தியை இங்கே சொல்ல வேண்டும். கசகசா அபின் செடியின் விதை. குருமாவிலும் பாயசத்திலும் நாம் அரைத்து ஊற்றுவது அதுதான். சாப்பிட்டவரின் சிறுநீரில் மார்ஃபின் தென்படலாம். அமெரிக்காவில் ரொட்டியில் தூவிய கசகசாவால் அப்பாவிகள் மாட்டிக்கொண்டதால், 1998-இல் அங்கே அபின் வகைக்கான வரம்பை ஒரு மில்லிக்கு 300 நானோகிராமிலிருந்து 2,000-க்கு உயர்த்தினார்கள். உங்கள் ஆய்வகம் எந்த வரம்பை வைத்திருக்கிறது என்று கேட்காமல் ஒப்பந்தம் போடாதீர்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் போன்ற வலி மாத்திரை, மனநல மருத்துவர் எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரை எல்லாம் இதே சிக்கலைத் தரும். அதனால்தான் அமெரிக்க முறையில் ஆய்வக முடிவு முதலாளிக்கு நேராகப் போவதில்லை. இடையில் ஒரு மருத்துவர் இருக்கிறார். அவர் தொழிலாளியிடம் பேசி, மருந்துச் சீட்டைப் பார்த்து, அதன் பிறகே முடிவைச் சொல்வார். சிறிய நிறுவனமானாலும் நம்பிக்கையான ஒரு மருத்துவரை இதற்கென்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சோதனைத் திட்டத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்று சொல்லும் அம்சம் இது ஒன்றுதான்.

மாதிரி எடுப்பதில் மானமும் இருக்கிறது, ஏமாற்றும் இருக்கிறது. இரண்டையும் பார்க்க வேண்டும். பக்கத்தில் நின்று பார்ப்பது அவமானம். சாதாரணமாக அது தேவையில்லை. கழிப்பறைத் தொட்டி நீரில் நீலச் சாயம் கலந்துவிடுங்கள், குழாயை மூடிவிடுங்கள். மாதிரி கைக்கு வந்த நான்கு நிமிடத்துக்குள் வெப்பநிலையைப் பாருங்கள்: 32-லிருந்து 38 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் அது அப்போது எடுத்தது. அமெரிக்க விதிப்படி குறைந்தது 45 மில்லி எடுத்து, அவர் கண்முன்னால் இரண்டு குப்பியாகப் பிரித்து முத்திரை வைத்துக் கையெழுத்து வாங்குகிறார்கள். முதல் குப்பியின் முடிவை அவர் மறுத்தால் இரண்டாவதை வேறு ஆய்வகத்துக்கு அனுப்பக் கேட்கலாம். அதற்கு அவருக்கு 72 மணி நேரம் உண்டு. இந்த இரண்டாம் குப்பி முறையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பெண் தொழிலாளர்களிடம் பெண்ணே மாதிரி வாங்க வேண்டும். சிறுநீர் வராவிட்டால் தண்ணீர் கொடுத்து மூன்று மணி நேரம் வரை காத்திருங்கள். கூச்சத்தை மறுப்பாக எழுதாதீர்கள்.

உமிழ்நீர், முடி, இரத்தம்

உமிழ்நீர் கண்முன்னால் எடுக்கக்கூடியது, கழிப்பறை தேவையில்லை, அண்மையில் எடுத்த பொருளைக் காட்டும். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். 'இப்போது' என்ற கேள்விக்குச் சிறுநீரைவிட நெருங்கியது. முடி ஏறத்தாழ 90 நாள் வரலாற்றைச் சொல்லும். ஒன்றரை அங்குலம் வேண்டும். பழனிக்கோ திருப்பதிக்கோ போய் மொட்டை போட்டு வந்தவரைத் தடயத்தை அழித்தவராகப் பார்க்கும் மேலாளரிடம் இந்தச் சோதனையைக் கொடுக்கக் கூடாது. போன வாரம் நடந்ததும் முடியில் தெரியாது. வளர்ந்து தோலுக்கு வெளியே வர நாளாகும். இரத்தம் துல்லியமானது. ஆனால் ஊசி குத்த வேண்டும், மருத்துவமனை வேண்டும். விபத்துக்குப் பின் அரசு மருத்துவமனையில் எடுப்பதோடு விட்டுவிடலாம்.

எப்போது சோதிப்பது

1987 ஜனவரி 4 அன்று அமெரிக்காவின் மேரிலாண்டில் சேஸ் என்ற இடத்தில் பயணிகள் ரயிலும் சரக்கு எஞ்சின்களும் மோதி 16 பேர் இறந்தார்கள். சரக்கு எஞ்சினில் இருந்தவர்கள் கஞ்சா எடுத்திருந்தது தெரியவந்தது. 1991-இல் அங்கே போக்குவரத்துத் தொழிலாளர்களுக்குச் சோதனையைக் கட்டாயமாக்கிய சட்டத்துக்குப் பின்னால் இந்த விபத்து இருக்கிறது. வேலைக்குச் சேரும்போது, முன்னறிவிப்பின்றிக் குலுக்கலில், சந்தேகம் எழும்போது, விபத்துக்குப் பின், சிகிச்சை முடித்துத் திரும்பும்போது என்று சோதிக்கும் வேளைகள் அந்தச் சட்டத்தின் வழியே அங்கே நிலைபெற்றன.

வேலைக்குச் சேரும்போது செய்வது எளிது, பயன் குறைவு. தேதி தெரிந்தவர் அதுவரை நிறுத்திக்கொள்வார். தடுக்கும் வலு குலுக்கலுக்குத்தான். நம் நாட்டு விமானத் துறையில் 2022 ஜனவரி 31 முதல் விமானிகள், வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் உள்ளிட்டோரில் ஆண்டுக்குக் குறைந்தது 10 விழுக்காட்டினரைக் குலுக்கல் முறையில் போதைப்பொருளுக்குச் சோதிக்க வேண்டும். அமெரிக்க லாரி ஓட்டுநர்களுக்குப் போதைப்பொருளில் 50 விழுக்காடு, மதுவில் 10. குலுக்கல் என்றால் உண்மையான குலுக்கல். மேற்பார்வையாளருக்குப் பிடிக்காத ஆளின் பெயரே மாதாமாதம் வந்தால் அது பழிவாங்கல். சீட்டைத் தொழிலாளர் பிரதிநிதி ஒருவர் எடுக்கட்டும். ஆபத்தான வேலையில் இருக்கும் எல்லோர் பெயரும் பெட்டியில் இருக்கட்டும், வண்டி ஓட்டும் மேலாளர் பெயர் உட்பட. முதலாளி தானே முதலில் ஊதிக் காட்டிய ஷெட்டில் அதற்குப் பின் யாரும் முணுமுணுத்ததை நான் கேட்டதில்லை.

சந்தேகத்தின் பேரில் சோதிக்கும்போது இரண்டு பேர் தனித்தனியே பார்த்து, கண்டதை அப்போதே நேரம் குறித்து எழுத வேண்டும். "ஒரு மாதிரி இருந்தார்" என்று எழுதாதீர்கள். "6.10-க்குப் படியில் இருமுறை தடுமாறினார், கேட்ட கேள்வியைத் திரும்பக் கேட்டார்" என்று எழுதுங்கள். சர்க்கரை அளவையும் அப்போதே பாருங்கள்.

விபத்து நடந்தால் முதலில் மருத்துவமனை. அதற்குப் பிறகே மற்றது. அமெரிக்க விதி மதுவுக்கு 8 மணி நேரமும் போதைப்பொருளுக்கு 32 மணி நேரமும் கெடு வைக்கிறது. அதற்குப் பின் எடுத்துப் பயனில்லை.

அதிகாரமும் சம்மதமும்

ஊதச் சொல்லும் அதிகாரத்தை மோட்டார் வாகனச் சட்டம் சீருடையில் இருக்கும் காவலருக்குத் தந்திருக்கிறது. உங்களுக்குத் தரவில்லை. எல்லாத் தனியார் நிறுவனங்களுக்கும் பொதுவான சோதனைச் சட்டமும் இந்தியாவில் கிடையாது. உங்கள் அதிகாரம் நியமன ஆணையிலிருந்தும் நிலையாணைகளிலிருந்தும் வர வேண்டும். யாருக்கு, எப்போது, எந்தச் சோதனை, மறுத்தால் என்ன, முடிவை யார் பார்ப்பார் என்று தமிழில் எழுதி, படித்துக் காட்டி, சம்மதக் கையெழுத்து வாங்குங்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். முடிவுத்தாளை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதும், வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் வழக்கை வீடு தேடி அழைப்பதாகும். நடவடிக்கை வேண்டுமென்றால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விளக்கம், உள்விசாரணை என்ற வரிசை தவறக் கூடாது.

"குடித்திருந்தால் நஷ்டஈடு தர வேண்டாமே" என்று சிலர் நிம்மதி கொள்கிறார்கள். 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்திலேயே அந்த விலக்கு இருந்தது உண்மை. ஆனால் தொழிலாளி இறந்தாலோ நிரந்தரமாக முழு ஊனமுற்றாலோ அந்த விலக்குப் பொருந்தாது என்றும் அதே விதி சொல்கிறது.

முடிவு வந்த பிறகு

எண் காட்டியவரை அவருடைய பைக்கிலேயே வீட்டுக்கு அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். செய்யாதீர்கள். சாவியை வாங்கிவைத்து, ஆள் துணையோடு ஆட்டோவில் அனுப்புங்கள். தகராறு பேசுவது மறுநாள் இருக்கட்டும்.

பல ஆண்டு குடித்தவரை "நாளையிலிருந்து ஒரு சொட்டுத் தொடாதே" என்று எச்சரித்து அனுப்புவதிலும் ஆபத்து உண்டு. திடீரென நிறுத்தினால் ஓரிரு நாளில் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் சித்தப்பிரமை வந்து உயிருக்கே கேடாகலாம். மருத்துவ மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இதில் முன்னோடி. அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும் சிகிச்சை கிடைக்கிறது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, தானே முன்வந்து சிகிச்சை பெறும் அடிமையானவருக்குச் சில குற்றங்களில் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. இதைத் தொழிலாளிக்குச் சொல்லுங்கள். பயத்தில்தான் பலர் மறைக்கிறார்கள். சோதனைக்கு முன் தானாக வந்து "எனக்கு உதவி வேண்டும்" என்று சொல்பவருக்குத் தண்டனை கிடையாது என்று உங்கள் விதியில் ஒரு வரி சேருங்கள். அவர் சிகிச்சைக்குப் போய்த் திரும்பும் வரை வேலையை வைத்திருங்கள். திரும்பும் நாளில் ஒரு சோதனை, பிறகு சில மாதங்களுக்கு முன்னறிவிப்பில்லாத சோதனைகள் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள்.

மத்திய அரசின் போதை மீட்பு இலவசத் தொலைபேசி எண் 14446. சாவி கொடுக்கும் மேஜைக்கு மேலே, ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் இன்றே பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.